தெருவுக்கு ஓர் உதவிக் குழு: பதிவு செய்வதா, வேண்டாமா?

மேட்டுத்தெரு (சத்துவாச்சாரி) எழுதியது:

வணக்கம். வேலூர்ப் பக்கத்தில் யாராவது இதைச் செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

எங்கள் தெரு ஹவுசிங் போர்டு பகுதி, மலையடிவாரம். ஐப்பசி, கார்த்திகையில் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போலப் பெய்தால் போதும், மலைத்தண்ணீர் எங்கள் வழியாகத்தான் நெடுஞ்சாலைப் பக்கம் இறங்கும். போன மழைக்கு அவசரத்தில் ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தோம். 'தண்ணி வந்துடுச்சு' என்பதுதான் அதன் பெயர். மோட்டார் வைத்திருந்தவர் மோட்டார் கொடுத்தார். மேட்டில் இருக்கும் வீடுகளில் எல்லாருக்கும் சமைத்தார்கள். கீழ்க்கோடி வீட்டுப் பாட்டியைப் பையன்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மாடியில் உட்கார வைத்தார்கள். அதெல்லாம் நன்றாகவே நடந்தது.

வம்பு இப்போதுதான். இதைச் சங்கமாக்கிப் பதிவு பண்ணி லெட்டர்பேட் அடித்தால்தான் ஆபீசில் மதிப்பார்கள் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். பணமும் வேண்டாம், பதவியும் வேண்டாம், இப்படியே இருப்போம் என்பது மீதிப் பேர். 'அப்போ தலைவர் யாரு?' என்று ஒருவர் கேட்டு வைத்தார். அன்றைக்கே இரண்டு பேர் குழுவை விட்டு வெளியேறிவிட்டார்கள். மொத்தம் நாற்பது வீடு சொச்சம். எது சரி?

பழைய கோப்பு (வேலப்பாடி) எழுதியது:

பதிவு வேலையிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இதற்கு 1975-ம் வருடத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது. 7 பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். 20 உறுப்பினர்களோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது வருட வரவோ செலவோ 10,000 ரூபாயை எட்டினால், ஆரம்பித்த 3 மாதத்துக்குள் பதிய வேண்டும் என்கிறது சட்டம். இந்த 10,000 அன்றைக்குப் பெரிய தொகை. இன்றைக்கு ஒரு பொங்கல் கோலப்போட்டி நடத்தினாலே தாண்டிவிடும்.

'ஐயையோ, அப்போ எங்கள் வாட்ஸப் குழுவே சட்டவிரோதமா?' என்று பதறாதீர்கள். பெயர் வைத்து, விதி எழுதி, உறுப்பினர் சேர்த்து, சந்தா வாங்கினால்தான் அது சங்கம். மழையில் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சோறு போடுவதற்கு மாவட்டப் பதிவாளர் முத்திரை தேவையில்லை.

பதிந்தால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் வேண்டும். அவர்கள் பதவிக்காலம் 3 வருடத்துக்கு மேல் போகக்கூடாது. வருடா வருடம் பொதுக்குழு கூட்டி, வரவு செலவைத் தணிக்கை செய்து, உறுப்பினர் பட்டியலோடு பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் முக்கால்வாசிச் சங்கங்கள் படுத்துவிடும். ஆரம்பித்த வருடம் மாலை, மைக், போட்டோ. அடுத்த வருடம் தாக்கல் இல்லை. ஐந்தாறு வருடம் கழித்து யாரோ ஒருவர் தூசி தட்டிக்கொண்டு வருவார், 'பழைய செயலாளர் மினிட் புக்கைத் தர மாட்டேங்கிறார் சார்' என்று. அந்தப் பஞ்சாயத்து லேசில் தீராது.

பெரிய லாபம் ஒன்று உண்டு. வங்கிக் கணக்கு சங்கத்தின் பேரில் இருக்கும், இருவர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாதபடி வைக்கலாம். பதியாத குழுவில் பணம் யாராவது ஒருவருடைய ஜிபேயில்தான் கிடக்கும். அவர் நல்லவராகவே இருக்கட்டும், நாளைக்கு அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பணத்துக்கு யார் பொறுப்பு?

கௌண்டின்யா (குடியாத்தம்) எழுதியது:

நான் கைலித் தறிக்காரன். எங்களுக்குப் பதிவும் இல்லை, பலகையும் இல்லை. ஒரு நோட்டு மட்டும் இருக்கிறது.

2021 நவம்பரில் மோர்தானா அணை வழிந்து கௌண்டின்யா ஆற்றில் தண்ணீர் வந்தபோது கரையோரத் தெருக்கள் என்ன பாடு பட்டன என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அன்று ஆள் பற்றாக்குறையே கிடையாது. உதவி செய்ய வந்தவர்கள் தெரு முழுக்க நின்றார்கள். யாருக்கு என்ன வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. ஒரே வீட்டுக்குப் பிரியாணிப் பொட்டலம் நாலு தடவை வந்தது. நாலு வீடு தள்ளி டயாலிசிஸ் நோயாளி ஒருவர் வண்டி கிடைக்காமல் உட்கார்ந்திருந்தார், அது அவர் வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்கப்புறம் போட்டதுதான் நோட்டு. இடது பக்கம் 'இருக்கிறது', வலது பக்கம் 'வேண்டும்'. இடது பக்கத்தில் யார் வீட்டில் ஆயில் இன்ஜின், யாரிடம் நீளக் கயிறு, யார் வீட்டு மாடி பெரியது, யாருக்கு நீச்சல் தெரியும், யார் ராத்திரியில் ஆட்டோ எடுப்பார். வலது பக்கத்தில் படுத்த படுக்கையானவர், நிறைமாதம், தனியாக இருக்கும் கிழவி, இன்சுலினை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியவர், மண்சுவர் வீடு. மண்சுவருக்குத் தனியாகச் சிவப்பு மையில் கோடு. அந்த வருடம் நவம்பர் 19-ல் பேரணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகளோடு 9 பேர் போனார்களே, அதற்கப்புறம் சேர்த்த கோடு அது. மழை விடாமல் பிடித்தால் அந்த வீடுகளில் போய், 'ராத்திரிக்கு இங்கே வந்து படுத்துக்கோங்க' என்று கூப்பிடுவதற்கென்றே ஆள் வைத்திருக்கிறோம். கூப்பிட்டால் முதலில் வர மாட்டார்கள், கூச்சப்படுவார்கள். பெண்கள் போய்க் கூப்பிட்டால் வருவார்கள்.

புரட்டாசி பிறந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் புதுப்பிப்போம். எங்கள் குழுவின் வேலை அவ்வளவுதான்.

முள்ளுக்கத்திரி எழுதியது:

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நம்ம ஊரில் சங்கம் என்றால் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன். முதல் கூட்டத்தில் டீ, பிஸ்கட். இரண்டாவது கூட்டத்தில் ஃப்ளெக்ஸ். ஃப்ளெக்ஸில் யார் போட்டோ பெரியது என்று தகராறு. மூன்றாவது கூட்டத்துக்குள் கவுன்சிலர் சீட்டுக்கு ஒருத்தர் ரெடியாகி இருப்பார்.

இன்னொன்று. நம் பக்கத்தில் மாதா மாதம் வட்டி தருகிறேன் என்று வசூலித்த நிதி நிறுவனம் ஒன்றில் என் வீட்டுப் பணமும் போயிருக்கிறது. 2022-க்கு அப்புறம் காட்பாடி, வேலூர் சுற்று வட்டாரத்தில் 'ஆளுக்கு நூறு ரூபாய் போடுங்க' என்று யார் சொன்னாலும் வீட்டில் இருப்பவர்கள் கதவைச் சாத்துவார்கள். சாத்துவதுதான் நியாயம்.

பாகாயம் டீச்சர் எழுதியது:

மேலே எழுதிய சார்கள் எல்லாரும் தலைவர், செயலாளர், லெட்டர்பேட் என்றே பேசுகிறீர்கள். உங்கள் தெருவிலேயே மகளிர் சுய உதவிக் குழு ஒன்று கட்டாயம் இருக்கும். அவர்களிடம் போய்க் கேட்டீர்களா?

12 முதல் 20 பேர் வரை, அதற்கு மேல் சேர்ப்பதில்லை. வாரமோ மாதமோ ஒரு நாள், ஒரே நேரம், ஒரே வீட்டுத் திண்ணை. வந்தவர்கள் எல்லாரும் பார்க்கத்தான் பணத்தை எண்ணுவார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி அங்கேயே கையெழுத்து. படிக்காதவர் இருந்தால் உரக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கைநாட்டு. தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரியில் ஆரம்பித்தது இது. கேரளாவில் 1998-ல் குடும்பஸ்ரீ என்ற மகளிர் திட்டம் வந்தபோது 10 முதல் 20 பெண்கள் வரை உள்ள அயல்கூட்டத்தைத்தான் அடிமட்டமாக வைத்தார்கள். ஏன் 20-ஐத் தாண்டவில்லை? அதற்கு மேல் போனால் வராதவர் யார் என்று கண்ணில் படாது. வராதவர் கண்ணில் படாவிட்டால் அந்தக் குழு போயே போச்சு.

அதனால் நாற்பது வீட்டையும் ஒரே குழுவாக வைக்காதீர்கள். மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டாகப் பிரியுங்கள். இரண்டுக்கும் நடுவில் பேச ஆளுக்கு இருவர். அந்த இருவரில் ஒருவர் பெண். மழை பகல் பதினோரு மணிக்கு வந்தால் தெருவில் இருப்பது யார்? வேலைக்குப் போன நீங்கள் சாயங்காலம் வந்து தலைவர் என்று நிற்பீர்களா?

சுய உதவிக் குழுவிலும் குறை இல்லாமல் இல்லை. கடன் வாங்கும் குழுவாகவே சுருங்கிப்போனவை நிறைய. வங்கிக் கடன் முடிந்தால் கூட்டமும் முடிந்தது. ஆனால் கணக்கு எழுதும் பழக்கம் அவர்களிடம் இருக்கிறது, அதைக் கற்றுக்கொள்ளலாம்.

மேட்டுத்தெரு எழுதியது:

டீச்சர், பதினோரு மணிக் கேள்வி நெத்தியடி. போன மழையில் மோட்டாரை இழுத்து வந்து ஓட்டியதே இரண்டு அக்காக்கள்தான். கூட்டத்தில் அவர்கள் பேரை யாருமே எடுக்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ஓ நெகட்டிவ் (தோட்டப்பாளையம்) எழுதியது:

கொஞ்சம் வேறு விஷயம், ஆனால் இங்கே பொருந்தும் என்று நினைக்கிறேன். நாங்கள் ரத்தத்துக்கு மட்டும் ஒரு குழு நடத்துகிறோம்.

காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜ்களில் தங்கியிருக்கும் ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ சிகிச்சைக்கு வருகிறார்கள். நோயாளியோடு வருவது ஒருவர், மிஞ்சினால் இருவர். ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க ஆள் கொண்டு வா என்றால் அந்த மனுஷன் பாஷை தெரியாத ஊரில் எங்கே போவான்? அந்த இடத்தில்தான் தரகர் நுழைவான். காசுக்கு ரத்தம் கொடுப்பதை உச்ச நீதிமன்றம் 1996-லேயே நிறுத்தச் சொல்லி, 1998 முதல் தடை இருக்கிறது. இருந்தும் தெரியாத ஊர்க்காரன் கையில் காசைப் பார்த்தால் காதோரம் வந்து பேச ஆள் இருக்கிறது.

ஆரம்பத்தில் எங்களிடமும் பெரிய வாட்ஸப் குழு இருந்தது. நூற்றுக்கணக்கில் ஆள். 'அவசரம், பி பாசிட்டிவ்' என்று ஒரு செய்தி போட்டால் கையெடுத்துக் கும்பிடும் பொம்மை வரிசையாக வரும், ஆள் வராது. எல்லாரும் யாராவது போவார்கள் என்று இருந்துவிடுவார்கள். இன்னொரு கூத்து, போன வாரம் தீர்ந்துபோன கேஸ் இன்னும் பார்வர்டில் சுற்றிக்கொண்டிருக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளி வீட்டாருக்குப் போன் போகும்.

இப்போது குழுவில் யாரும் பொதுவாகச் செய்தி போட முடியாது. கையில் பட்டியல், அதில் கடைசியாகக் கொடுத்த தேதி. ஆண் என்றால் 90 நாள், பெண் என்றால் 120 நாள் ஆகியிருக்க வேண்டும். எடை 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5, வயது 18-க்கு மேல். தேவை வந்தால் வரிசையில் அடுத்து இருக்கும் இருவருக்கு மட்டும் நேரடியாகப் போன். 'உங்க முறை சார், வர முடியுமா?' என்று பேர் சொல்லிக் கேட்டால் மனிதன் வருகிறான். முடியாது என்றாலும் உடனே சொல்லிவிடுகிறான், அதுவும் நமக்கு உதவிதான். நோயாளி வீட்டாரிடம் ஒரு டீ கூட வாங்கக்கூடாது என்பது எங்கள் ஒரே விதி. அதில் மட்டும் கறார்.

உங்கள் மழைக் குழுவுக்கும் இதையே சொல்வேன். 'யாராவது வாங்க' என்று போடாதீர்கள். இன்னார் வாங்க என்று போடுங்கள்.

வெயில் நகரம் எழுதியது:

எனக்கு ஓர் அடிப்படைக் கேள்வி. சொத்து வரி கட்டுகிறோம், குடிநீர் வரி கட்டுகிறோம். கால்வாய் தூர் வாருவது மாநகராட்சி வேலை. நாமே மண்வெட்டியோடு இறங்கினால் அவர்கள் எதற்கு? நாம் செய்யச் செய்ய அவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

சென்னையில் எக்ஸ்னோரா ஆரம்பித்ததைப் பார்த்தவன் நான். 1989-ல் வங்கி ஊழியரான எம்.பி.நிர்மல் ஆரம்பித்தது. தெருவுக்குத் தெரு மக்களே மாதச் சந்தா போட்டு, ஆள் வைத்து, மூன்று சக்கர வண்டியில் குப்பை அள்ளினார்கள். தெரு பளிச்சென்று இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் எங்கள் தெருவில் அதை ஓட்டிய மாமா ஒருவர்தான், அவர் வீடு மாறினார், வண்டி துருப்பிடித்தது. அதற்குள் மாநகராட்சியும் தனியாரும் வீட்டு வாசலுக்கே வர ஆரம்பித்திருந்தார்கள், அந்தக் குழுவை யாரும் தேடவும் இல்லை.

இங்கே 2022-ல் நிறுத்தி வைத்திருந்த பைக்கை நகர்த்தாமலே அதன் சக்கரத்தைச் சுற்றி சிமெண்ட் ரோடு போட்டார்கள், நாடே சிரித்தது. அதே வருடம் சத்துவாச்சாரியில் அடிபம்பை அப்படியே வைத்துக் கால்வாய் கான்கிரீட் போட்டார்கள். அந்தத் தெருவில் வேலை நடக்கும்போது நின்று பார்க்க இரண்டு பேர் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? எனக்கு வேண்டியது மண்வெட்டிக் குழு இல்லை, நின்று பார்க்கும் குழு. எஸ்டிமேட் என்ன, எத்தனை அங்குலம், எத்தனை நாளில் முடியணும் என்று கேட்கிற குழு.

பழைய கோப்பு எழுதியது:

வெயில் நகரம் சொல்வதில் பாதி சரி. நின்று பார்க்கும் குழுவுக்குச் சங்கப் பதிவே தேவையில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, குடிமக்களுக்கு உரியது. சங்கத்தின் லெட்டர்பேடில் கேட்டால், குடிமகன் பேரில் கேளுங்கள் என்று திருப்பி அனுப்பக்கூடும். தெருவில் யாராவது ஒருவர் தன் பெயரில் வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில் வர வேண்டும். எஸ்டிமேட் நகல், முடித்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகல் என்று குறிப்பாகக் கேளுங்கள். 'ஏன் வேலை சரியில்லை?' என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் இல்லை.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாளிலும் யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம். நாற்பது கையெழுத்தை விட, நாற்பது கதவு எண் போட்ட மனுவுக்கு மதிப்பு அதிகம்.

அப்புறம் பகுதி சபை. கிராம சபை தெரியும், வருடம் 6 தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்துக்கு அது மாதிரி எதுவும் இல்லாமல் இருந்தது. 2022-ல்தான் வார்டு குழு, பகுதி சபைக்கு விதிகள் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1-ல் முதல் முறையாகக் கூட்டினார்கள். வேலூரில் 60 வார்டு. உங்கள் வார்டின் பகுதி சபை எப்போது, எங்கே என்று கவுன்சிலரிடம் கேட்டு வையுங்கள். மழைக்கு முந்திய கூட்டத்திலேயே கால்வாய் விஷயத்தைத் தீர்மானத்தில் ஏற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. தண்ணீர் வந்தபின் கத்துவதால் ஒன்றும் ஆகாது.

பணம் திரட்டித்தான் ஆக வேண்டும் என்றால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. 1997-98-ல் வந்தது, இடையில் நின்று, 2021-ல் மறுபடி உயிர் பெற்றது. பொதுவாக மூன்றில் ஒரு பங்கு மக்கள், மீதி அரசு. சிறுபாலமோ பூங்காவோ வேண்டும் என்றால் இது வழி. தூர் வார இது தேவையில்லை.

ஏரிக்கரை (காவேரிப்பாக்கம்) எழுதியது:

இப்போது ராணிப்பேட்டை மாவட்டம் என்றாலும் நாங்களும் பழைய வட ஆற்காடுதான், எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை யாரும் சொல்லவில்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் கிராமங்களில் 2016 அக்டோபரில் ஊராட்சிக் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2021 அக்டோபரில். 2019-ல் மற்ற மாவட்டங்களுக்குத் தேர்தல் வைத்தபோதும் மாவட்டம் பிரித்த காரணத்தால் நமக்கு வைக்கவில்லை. ஐந்து வருடம் தலைவரும் கிடையாது, வார்டு மெம்பரும் கிடையாது. தனி அலுவலர் ஒருவருக்கு ஏகப்பட்ட ஊராட்சி. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்றே தெரியாத காலம். எங்கள் பக்கத்துப் பையன்கள் குழு குழுவாகக் கிளம்பியது அப்போதுதான். பல்பு மாற்றினார்கள், சீமைக் கருவேலம் வெட்டினார்கள், வரத்துக் கால்வாய் பார்த்தார்கள். தேர்தல் வந்தது, பாதிக் குழு கலைந்தது. கலைந்ததில் தப்பில்லை என்பேன் நான். தேவைக்குக் கூடினார்கள், தேவை தீர்ந்தது, போனார்கள். எல்லாக் குழுவும் நூறு வருடம் இருக்க வேண்டுமா என்ன?

குடிமராமத்து பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று எதிர்பார்த்தேன், நானே எழுதுகிறேன். ஊரே திரண்டு ஏரி வாரிய பொற்காலம் என்று மேடையில் பேசுவார்கள். எங்கள் தாத்தா வேறு கதை சொல்வார். கரையில் குடை பிடித்து நின்றது ஒரு தெரு, மண் சுமந்தது இன்னொரு தெரு. அது தன்னார்வமாகவே இருந்திருந்தால் வெள்ளைக்காரன் 1858-ல் கட்டாய வேலைச் சட்டம் என்று ஒன்று போட்டிருக்க மாட்டான். இன்றைக்கும் 'ஊர் சார்பில்' என்று ஒரு குழு வந்தால், எந்தத் தெருவில் கூட்டம் போட்டார்கள், காலனியில் இருந்து யார் வந்தார்கள் என்று முதலில் பார்ப்பேன்.

நல்லதும் இருக்கிறது. கணியம்பாடிப் பக்கம் நாகநதியில் பெண்கள் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் மீள்நிரப்புக் கிணறுகளும் தடுப்பணைகளும் கட்டினார்கள், 2021-ல் பிரதமர் வானொலியில் பேசும் அளவுக்குப் போனது. அதில் கவனிக்க வேண்டியது, வேலை செய்த பெண்களுக்கு நூறு நாள் வேலையில் கூலி கிடைத்தது. எங்கே கிணறு, எத்தனை அடி என்று திட்டம் போட்டதில்தான் தன்னார்வம். மண் சுமப்பவளிடம் இலவசமாகச் சுமக்கச் சொல்லிவிட்டு அதற்குச் சேவை என்று பேர் வைக்கவில்லை. ஏரி நிரம்பிக் கோடி போகும் சமயத்தில் ராத்திரி கரையைக் காவல் காப்பது வேறு, அதற்கு எல்லா வீட்டு ஆளும் வர வேண்டும். அதில் கூலிப் பேச்சு இல்லை, சாதிப் பேச்சும் இருக்கக்கூடாது.

நெறியாளர்: ஒரு கட்சியின் உறுப்பினர் சேர்க்கை இணைப்பு நீக்கப்பட்டது. இழை தொடரலாம்.

முள்ளுக்கத்திரி எழுதியது:

நான் என்ன சொன்னேன்? மூன்றாவது கூட்டம் வரை கூடக் காத்திருக்கவில்லை.

கழிஞ்சூர்க்காரன் எழுதியது:

ஏரிக்கரை அண்ணன் தெருவைச் சொன்னார், நான் வீட்டைச் சொல்கிறேன். வாடகைக்கு இருப்பவர்களைச் சேர்ப்பீர்களா?

காட்பாடியில் எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கத்தின் விதியில் உறுப்பினர் என்றால் வீட்டு உரிமையாளர். நானோ வாடகை. கழிஞ்சூர் ஏரி நிரம்பி வெளியே வந்தபோது தண்ணீர் என் கட்டிலுக்குக் கீழேதான் வந்தது, சென்னையில் இருக்கும் உரிமையாளர் கட்டிலுக்குக் கீழே இல்லை. கூட்டத்துக்கு அழைப்பு அவருக்குப் போகிறது. காலேஜ் பிள்ளைகள் நாலைந்து பேராக எடுத்துத் தங்கும் வீடுகள் இங்கே ஏராளம், அவர்களும் கணக்கில் இல்லை. தண்ணீர் வந்த அன்று இடுப்பளவில் நின்று பால் பாக்கெட் கொண்டு வந்தது அந்தப் பிள்ளைகள்.

பாஷை விஷயமும் இருக்கிறது. எங்கள் வரிசையில் உருது பேசும் குடும்பங்கள் உண்டு. பெரியவர்கள் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் வாட்ஸப்பில் நீளமாகத் தமிழில் எழுதினால் படிக்க மாட்டார்கள். அந்த வீட்டுப் பெண் ஒருவர், தமிழில் வரும் முக்கியமான செய்தியை உருதுவில் குரல் பதிவாகப் போடுகிறார். அரை நிமிடம்தான், அந்த வரிசை முழுவதும் கேட்டுவிடுகிறது. பக்கத்தில் தெலுங்கு பேசும் வீடுகள் இருந்தால் அதற்கும் ஒரு குரல் பிடித்து வையுங்கள். செலவே இல்லை.

பாகாயம் டீச்சர் எழுதியது:

கழிஞ்சூர் தம்பி, வாடகை விஷயம் மிகச் சரி. ஒரு தெருவில் யார் 'வெளியாள்' என்பதில்தான் அந்தக் குழுவின் யோக்கியதை தெரியும்.

ஓ நெகட்டிவிடம் ஒரு கேள்வி. உங்கள் பட்டியலில் பேர், போன், வியாதி விவரம் எல்லாம் இருக்குமே, அது யார் கையில்? கௌண்டின்யா நோட்டிலும் தனியாக இருக்கும் கிழவி என்று எழுதியிருக்கிறீர்கள். திருடன் கையில் கிடைத்தால்?

கௌண்டின்யா எழுதியது:

நியாயமான பயம்தான் டீச்சர். அதனால்தான் போனில் ஏற்றவில்லை. நோட்டு ஒன்றே ஒன்று, தறிக்கொட்டகையில் பூட்டின பெட்டியில். சாவி இரண்டு வீட்டில். வலது பக்கத்தில் எழுதுவதற்கு முன்னால் அந்த வீட்டில் கேட்டுவிட்டுத்தான் எழுதுவோம். வேண்டாம் என்றவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பக்கத்து வீட்டில் மட்டும் வாயால் சொல்லி வைப்போம்.

ஓ நெகட்டிவ் எழுதியது:

எங்களிடம் வியாதி விவரம் இல்லை, ரத்த வகை, தேதி, போன் மட்டும். பட்டியல் மூவரிடம் உண்டு. நோயாளி வீட்டாருக்குக் கொடையாளி நம்பரைக் கொடுக்க மாட்டோம். கொடுத்தால் அடுத்த மாதம் அவர்கள் ஊரில் இருந்து இன்னொருவர் அவருக்கு நேரடியாகப் போன் போடுவார், அவர் அடுத்த தடவை நம் போனையே எடுக்க மாட்டார்.

மேட்டுத்தெரு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை இந்த இழையையே கூட்டத்தில் வாசித்துக் காட்டினோம். சிலருக்குக் கோபம், அதிலும் 'லெட்டர்பேட்' என்றாலே சிரிக்கிறீர்களே என்று.

இப்போதைக்குச் சங்கம் பதியவில்லை. ஆனால் பழைய கோப்பு ஐயா சொன்ன வங்கிக் கணக்கு விஷயம் சிலருக்கு மனதில் நிற்கிறது. பணம் சேர்க்கிற நிலை வந்தால் அன்றைக்கே பதிவு, அதுவரை ஒரு ரூபாய் வசூல் இல்லை என்று எழுதி வைத்தோம். மேல்பாதி, கீழ்ப்பாதி பிரித்தாயிற்று. கீழ்ப்பாதிக்கு மோட்டார் ஓட்டிய அக்காக்களில் ஒருவர், மேல்பாதிக்கு வாடகைக்கு இருக்கும் ஒரு தம்பி. வெளியேறின இருவரில் ஒருவர் திரும்பி வந்தார், மற்றவர் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

கால்வாய்க்கு கதவு எண் போட்ட மனு தயார். தகவல் உரிமையில் எஸ்டிமேட் கேட்டு வெயில் நகரம் சார் எழுதிக் கொடுத்த வாசகத்தைத் தனியாக அனுப்புகிறோம்.

இன்னும் தீராதது ஒன்று. வசூல் இல்லை என்றால் மோட்டாருக்கு டீசல் யார் போடுவது? மோட்டார் கொடுப்பவரே டீசலும் போடணும் என்றால் அடுத்த மழைக்கு அவர் மோட்டார் ரிப்பேர் என்பார்.

கௌண்டின்யா எழுதியது:

எங்கள் பக்கத்து வழக்கம்: யார் வீட்டுத் தண்ணீரை இறைக்கிறதோ அந்த வீடு டீசல் வாங்கும். முடியாத வீடு என்றால் பக்கத்து இரண்டு வீடு சேர்ந்து வாங்கும், அது யார் என்று நோட்டில் முன்னாடியே எழுதியிருக்கும். காசு கைமாறாது, கேனில் டீசலாகவே வரும். இன்ஜின் ரிப்பேர் ஆனால் மட்டும் அந்த மழையில் உபயோகித்த எல்லா வீடும் சமமாகப் பிரித்து மெக்கானிக்குக்கு நேராகக் கொடுத்துவிடும். ஹோஸ் பைப்பை இப்போதே விரித்துப் பாருங்கள், எலி கடித்திருக்கும்.

பழைய கோப்பு எழுதியது:

மனுவை இரண்டு நகல் எடுங்கள். ஒன்றில் தேதியோடு ஆபீஸ் முத்திரை வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை போட மாட்டேன் என்றால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.